அம்மாவின் வைத்தியத்துக்காக அப்பா வேண்டாமென்ற பதவி

எங்கள் அப்பா பிறந்தது தாடிக்கொம்பு. கிணறு வற்றிச் சம்பங்கித் தோட்டம் காய்ந்த பிறகு பஞ்சாலை வேலைக்கு வந்தவர், ஓய்வு பெறும் வரை அந்த ஒரே மில்லில்தான் இருந்தார்.

அம்மாவுக்குச் சிறு வயதிலேயே சர்க்கரை நோய். பின்னாளில் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று மருத்துவர் அப்போதே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே நினைப்பு. ஓய்வு பெறும் வரை மில்லின் மருத்துவக் காப்பீட்டில் இருந்துவிட்டால், அதற்குப் பிறகும் கணவன் மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும். நடுவில் சம்பளம் வரம்பைத் தாண்டினால் காப்பீடு போய்விடும்.

அதனால்தான் சூப்பர்வைசர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வீட்டுக்கே வந்து சண்டை போட்டார்.

“கூப்பிட்டுக் குடுக்குறத வேண்டாம்ங்கிறீகளே மச்சான், ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும் மாப்ள. காப்பீடு போச்சுன்னா ஒங்க அக்காவ எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன்?”

லீவு போட்டாலும் காப்பீடு நின்றுவிடும் என்று யாரோ சொன்னதை அப்பா அப்படியே நம்பிவிட்டார். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்தும் ஒரு நாள் படுத்ததில்லை. “செத்த நேரத்துல சரியாப் போயிரும்” என்று துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஓய்வு பெற்றபின் மருத்துவரிடம் காட்டியபோது நுரையீரல் மிகவும் கெட்டிருந்தது. சில மாதங்களில் இறைவனடி சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்த மில் அலுவலர், உடம்புக்கு முடியாமல் நாலு நாள் லீவு போட்டால் காப்பீடு ஒன்றும் நின்றுவிடாது என்றார். 

அப்பா நினைத்தபடியே அம்மாவுக்கு டயாலிசிஸ் இன்று அந்தக் காப்பீட்டில்தான் நடக்கிறது. அன்று சண்டை போட்ட மாமாதான் தவறாமல் அழைத்துப் போகிறார். அவருக்கும், அப்பாவின் கடைசி நாட்களில் முறைவைத்து உடனிருந்த மில் நண்பர்களுக்கும், இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மில்லுக்குப் போகும் சொந்தங்கள் இருமல் வந்தால் தயவுசெய்து லீவு போட்டுப் போய்க் காட்டுங்கள்.

இந்த நினைவு மலரில் என்ன எழுத வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன்.

“நான் நல்லா இருக்கணும்னு அம்புட்டும் பாத்துப் பாத்துச் செஞ்சாக. நல்லாத்தான் இருக்கேன் தாயி. இன்னும் எத்தன வருசம் அவுக இல்லாம நல்லா இருக்கணும்?”