தண்ணீருக்கு அவர் சொன்ன பெயர்

போடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தேழு வருடம் உதவியாளராக இருந்தவர் ஞானசிகாமணி. ஓய்வு பெற்ற மறு வருடமே பக்கவாதம் வந்து, வலது கையோடு பேச்சும் போயிற்று. மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது, ஆய்வகத்துக் கண்ணாடிக் குவளையின் பெயர். "பீக்கர்."

தாகம் எடுத்தால் பீக்கர். காபி டம்ளரைக் கண்டால் பீக்கர். பார்க்க வந்த சபைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். மனைவி அன்னத்தாய்க்கு அது பொறுக்கவில்லை.

"புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு பேசுறாக. இனி யாராச்சும் வந்தா அப்பாவ உள்ரூம்புல படுக்க வச்சிருவோம்" என்றாள் மகள் பிரின்சியிடம்.

பிரின்சி தேனியில் நர்ஸ். ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக, டூட்டி முடிந்து வந்து செல்போனில் ஜெர்மன் வகுப்பு கேட்பாள். ஒருநாள் பாடத்தில் 'பெஹர்' என்ற சொல் வந்தது. குடிக்கிற குவளை என்று பொருள். படுத்த நோயாளிக்குத் தண்ணீர் புகட்டும் மூக்குக் குவளைக்கும் அந்தப் பெயர்தான். அவளுக்கு அப்பாவின் பீக்கர் ஞாபகம் வந்தது. அகராதியைத் தேடிப் பார்த்தாள். ஆங்கிலத்து பீக்கரும் இந்த பெஹரும் ஒரே லத்தீன் சொல்லில் இருந்து பிரிந்தவை. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் கைப்பிடி வைத்த ஜாடிக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது.

அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அப்பா உளறலம்மா. அந்த வார்த்தைக்கு ஆதியிலயே குடிக்கிற பாத்திரம்னுதான் அர்த்தம்."

"அப்ப இத்தன நாளும் அவுக சரியாத்தேன் கேட்ருக்காக. நாமதேன் வெக்கப்பட்ருக்கோம்" என்றாள் அன்னத்தாய். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அவரை உள்ளே அனுப்பவில்லை.

பிரின்சியின் ஜெர்மன் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவருக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. மூன்றாம் நாள் அடக்கம் செய்தார்கள்.

பிரின்சி சென்னைக்குப் போனாள். வாசிப்பதும் எழுதுவதும் கேட்பதும் தடையில்லாமல் முடிந்தன. பேச்சுத் தேர்வில், எதிரே இருந்த அம்மாள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்படி கேட்டாள். 'என் அப்பா' என்று ஜெர்மனில் தொடங்கினாள். இருக்கிறார் என்பதா, இருந்தார் என்பதா? இரண்டும் நன்றாகத் தெரியும். எதுவும் வாயில் வரவில்லை.

அந்த ஒன்றில் மட்டும் தோற்றாள்.

"இன்னொரு வாட்டி எழுதலாம்ல ஆத்தா?" என்று அன்னத்தாய் கேட்டாள்.

"எழுதலாம்மா."

ஆறு மாதம் ஆகிறது. வகுப்பு அழைப்பு வந்தால் பிரின்சி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வார்டுக்குள் போய்விடுகிறாள்.