ஃபார்மட் அடிச்சாத்தான் போகும்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் நான் டிடிபி கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் என்று எல்லாம் அடித்துக் கொடுப்பேன். பென் டிரைவ் அப்போதுதான் பரவலாகப் புழங்க ஆரம்பித்திருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதைக் கழுத்தில் தாலி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். பாதிக்கு மேல் வைரஸோடுதான் வரும்.

எங்கள் தெருக் கம்ப்யூட்டர்களை எல்லாம் ஒரே சர்வீஸ்காரர்தான் பார்த்தார். கடைக்குக் கடை அவரே ஆன்டிவைரஸும் போட்டுக் கொடுத்திருந்தார். "கம்பெனி சரக்குக்கா. ஓசியில கெடைக்கதெல்லாம் நம்பாதீங்க" என்பார். நானும் வாங்கினேன். பக்கத்தில் விதைக்கடை வைத்திருந்த அண்ணாச்சியும் வாங்கினார்.

ஒருநாள் காலையில் அண்ணாச்சி கடைக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரும் திறக்கவில்லை. சர்வீஸ்காரர் வந்து பார்த்தார்.

"வைரஸு எல்லாத்தையும் தின்னுட்டு அண்ணாச்சி. ஃபார்மட் அடிச்சாத்தான் போகும்."

அதில் அண்ணாச்சியுடைய அப்பாவின் படங்கள் இருந்தன. பசுவந்தனையில் பருத்திக் காட்டுக்குள் நிற்க வைத்து இவரே எடுத்தவை. அந்த வருஷம்தான் பெரியவர் இறந்திருந்தார்.

"அப்பா படத்த மட்டும் எப்படியாச்சும் எடுத்துருங்க தம்பி."

"அதான் போயிட்டுன்னு சொல்லுதேன்லா."

மதியத்துக்குள் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி அன்றைக்குச் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை.

சில நாளில் என் கம்ப்யூட்டருக்கும் அதே கதி. கழுகுமலையிலிருந்து வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி பென் டிரைவை மேஜையில் வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"ஒங்க கடையில சொருகினதுக்கப்புறந்தான்க்கா இப்பிடி ஆயிட்டு. புராஜெக்ட்டு பூரா இதுலதான் இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. ஆன்டிவைரஸைத் திறந்து அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். உரிமையாளர் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரன் பெயர் இருந்தது. கடையில் நெட் இருந்தும் ஒரு வருஷத்துக்கு மேலாக அது புதுப்பிக்கப்படவே இல்லை. திருட்டுச் சரக்கு. புதுப்பித்தால் குட்டு உடைந்துவிடும் என்று அந்த வசதியையே சர்வீஸ்காரர் அணைத்து வைத்திருக்கிறார். அவருக்குப் போன் போட்டேன்.

"இதையெல்லாம் யாருக்கா தோண்டிப் பாக்கா? வாரேன், ஃபார்மட் அடிச்சுத் தாரேன்."

"நீங்க இங்கன வரவே வேண்டாம்" என்று வைத்துவிட்டேன்.

வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரில் எதையும் இறக்கப் பயமாக இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். இலவசம் என்று தேடினால் கொட்டியது. சில, சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று சிவப்பெழுத்தில் கத்திவிட்டுக் காசு கேட்டன. நல்லவை என்று தெரிந்தவற்றின் நிபந்தனைகளைப் படித்தால், வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான் இலவசம், கடைக்குக் கூடாது. அதில் ஒன்றை வீட்டுக்கென்று எடுத்துக்கொண்டேன். கடைக்கும் இலவசமாக ஒன்றே ஒன்று கிடைத்தது. அது தானாகக் காவல் இருக்காது. ஒவ்வொரு பென் டிரைவையும் நாம்தான் சோதிக்கச் சொல்ல வேண்டும். போதும் என்று சிடியில் ஏற்றிக்கொண்டேன்.

அந்த வைரஸைப் பற்றித் தேடியபோதுதான் அதைப் படித்தேன். அது எதையும் தின்பதில்லை. நம் ஃபோல்டர்களை மறைத்து வைத்துவிட்டு, அதே ஃபோல்டர் ஐகானோடு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான்.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரையும் பென் டிரைவையும் சுத்தம் செய்துவிட்டு, மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொல்லி ஒரு டிக் அடித்தேன். அவளுடைய ஃபோல்டர்கள் மங்கலாக எழும்பி வந்தன. அவள் அழுதுவிட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அண்ணாச்சியின் படங்களும் அன்றைக்கு அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

மறுநாள் தெருவில் அந்த ஆளின் பைக்கை மறித்தேன்.

"அண்ணாச்சி படமெல்லாம் உள்ளதான இருந்துச்சு? ஏன் ஃபார்மட் அடிச்சீங்க?"

"ஒவ்வொருத்தருக்கும் உக்காந்து நோண்டிக்கிட்டு இருக்க முடியுமாக்கா? நாலு எடத்துக்குப் போவாண்டாமா?"

அப்படியென்றால் தெரிந்தேதான் செய்திருக்கிறார். வாயில் வந்ததையெல்லாம் ஏசினேன். சத்தம் கேட்டு அண்ணாச்சி வெளியே வந்துவிட்டார்.

"அப்பா படம் இருந்துச்சாம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருந்துச்சு அண்ணாச்சி."

அண்ணாச்சி உள்ளே போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். பைக் கிளம்பிப் போனது.

அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. தெருவில் பாதிக் கடைகள் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. நான் ஓசிச் சரக்கு போட்டிருக்கிறேன் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். சொல்லட்டும். என் கடையில் சோதிக்காமல் ஒரு பென் டிரைவையும் திறக்கவிடவில்லை. அவசரம் என்று முணுமுணுத்தவர்களை வேறு கடை பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.