சேகோ ஆலையில் ஒரு மாமியார் வழக்கு

கரியாலூரிலிருந்து வந்த கிழங்கு லோடு களத்தில் கொட்டிக் கிடந்தது. தோல் சீவ வேண்டிய பெண்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் நான்.

சின்னசேலம் பக்கம் ஒரு சேகோ ஆலையில் மேஸ்திரியாக இருந்தேன். ஜவ்வரிசிக்கு வரும் மரவள்ளிக் கிழங்கைச் சட்டென்று சீவி அரைக்க வேண்டும். கிடந்தால் கருத்துவிடும். ஊர்க்கதை பேசினால் பெண்களுக்குக் கை ஓடாது என்று, நான் படிக்கும் நாவல்களைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். எல்லாம் இந்தக் காலத்துக் குடும்பக் கதைகள். காது கதையில் இருக்கும், கை தன்பாட்டுக்கு ஓடும். முதலாளிக்கும் சந்தோஷம்தான்.

அப்போது வாசித்துக்கொண்டிருந்த நாவலில் மருமகள் தனிக்குடித்தனம் கேட்டாள். வந்தது வினை. மங்காவும் அவள் மருமகள் பொன்னியும் எங்களிடம்தான் வேலை பார்த்தார்கள்.

“ஒரே புள்ளைய வச்சிக்கினு அந்தம்மா எங்க போவும்?” என்றாள் மங்கா.

“அவளுந்தான் எத்தினி நாளு வாய மூடிக்கினு இருப்பா?” என்றாள் பொன்னி.

“நீ யாரச் சொல்ற?”

அவ்வளவுதான். மாமியார்கள் ஒரு பக்கம், மருமகள்கள் ஒரு பக்கம். முதலாளி போன் செய்தார். “சாயந்தரத்துக்குள்ள லோடு முடியலன்னா, நாளையிலேர்ந்து நீ வூட்ல ஒக்காந்து கதை படி.”

பெண்களைக் கெஞ்சினேன். “முடிவு இன்னான்னு படிங்க மேஸ்திரி. எவ மேல தப்புன்னு தெரிஞ்சாதான் கத்தியத் தொடுவோம்” என்றார்கள். முடிவை நானே படித்திருக்கவில்லை. எழுத்தாளரை நம்பிக் கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன்.

மருமகள் பையோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். மாமியார் வாசலில் நின்று பார்க்கிறாள். மழை தூறுகிறது. பஸ் வருகிறது. முற்றும்.

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

“ஏறினாளா இல்லியா?”

“எழுதல.”

களமே கொதித்தது. “இத்தினி நாளு கேட்டுக்கினு இருந்தோமே, இன்னா மனுசன் அவுரு” என்று பொன்னி ஆரம்பித்தாள். மிச்சத்தை மங்கா திட்டினாள். இரண்டு கட்சியும் ஒன்றாகி, எழுத்தாளரைத் திட்டிக்கொண்டே கத்தியை எடுத்தன. கோபத்தில் கை பறந்தது. பொழுது சாய்வதற்குள் லோடு முடிந்து, என் வேலை தப்பியது.

கை கழுவும்போது மங்கா சொன்னாள். “அவ பஸ் ஏறியிருக்க மாட்டா மேஸ்திரி. மழையில அவள நிக்க வுட்டுட்டு வாசல்ல எவ நின்னுக்கினு இருப்பா? நானா இருந்தா போயி கையப் புடிச்சி இட்டாந்திருப்பேன்.”

பக்கத்தில் நின்ற பொன்னி மாமியாரையே பார்த்தாள். “இத வூட்ல ஒரு நாளு சொல்லக் கூடாதா அத்த?”

மங்கா மூக்கை உறிஞ்சினாள்.

அதன்பின் முடிவு எழுதாத நாவலாகப் பார்த்துத்தான் எடுத்து வந்தேன். புது மேஸ்திரிகளுக்கும் அதையே சொல்கிறேன். தீர்ப்பைப் பெண்களிடம் விட்டுவிடுங்கள், நீங்கள் லோடைப் பாருங்கள்.