சாரம் உடுத்தும் இடம்

என் உடம்பில் இடுப்பு எங்கே இருக்கிறது என்பது ஐம்பதை நெருங்கும் வயதில்தான் எனக்குத் தெரியவந்தது.

அதற்கு முன் ஒரு சத்திரசிகிச்சை. குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். வயிற்றின் இடப்பக்கம், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, ஒரு துளை வைத்தார்கள். துளையின் மேல் ஒரு பை. போக வேண்டியதெல்லாம் அந்தப் பைக்குள் போகும். ஒரு வருடமோ கூடவோ கழித்துத் திரும்பவும் மூடிவிடலாம் என்றார் வைத்தியர். அதுவரை அது என்னோடுதான் தூங்கும், என்னோடுதான் நடக்கும்.

ஐந்து மாதம் குருக்கள்மடத்து வீட்டில் சுற்றிச் சொருகிய சாரத்தோடு கிடந்தேன். கிடந்தேன் என்பது சரியில்லை. ஓர் இடத்தில் இருக்க முடியாத ஆள் நான். முற்றத்துக்கும் கிணற்றடிக்கும், கிணற்றடிக்கும் வாவிக்கரைக்கும், சேர்ட்டைப் பைக்கு மேலே தொங்கவிட்டு, சாரத்தை அதற்குக் கீழே தளர்த்தி உடுத்தி, நடந்துகொண்டே இருந்தேன். வாவி என்னைப் போலத்தான், காற்று நின்றாலும் அசையும். சாரம் எல்லாவற்றையும் மன்னித்தது. பிறகு லீவு முடிகிற திங்கட்கிழமை வந்து எதிரே நின்றது.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். சாரத்தோடு வகுப்புக்குப் போக முடியாது. பழைய களிசான் ஒன்றை, நீளக் காற்சட்டையை, எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இடுப்புப் பட்டி சரியாகத் துளையின் மேலேயே வந்து உட்கார்ந்தது. பத்து நிமிடம் கதிரையில் இருந்தேன். பையின் ஓரத்தில் ஒட்டு விட்டு, தொடையில் சூடு இறங்கியது. வீட்டில் நடந்ததால் கழுவிக்கொண்டேன். வகுப்பில், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நடந்தால்? அந்த வசனத்தை நான் ஒருநாளும் கடைசிவரை யோசித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் பையைப் பற்றித் தெரியாது. 'வயிற்றில ஒரு ஒப்பரேஷன்' என்பதோடு நானும் மனைவியும் நிறுத்தியிருந்தோம்.

தையல்காரரிடம் போகலாம்தான். இருபது வருடமாக எனக்குத் தைக்கிறவர். அளவு நாடாவோடு இரண்டு கையாலும் வயிற்றைக் கட்டிப்பிடிப்பார். நல்ல மனிதர். வாயில் குண்டூசி இருக்கிறவரைக்கும் ஒன்றும் பேசமாட்டார். குண்டூசியை எடுத்தால் தெருவுக்கே கேட்கும்.

வீட்டில் தையல் மெஷின் இருந்தது. மனைவி பிளவுஸ் தைப்பாள், அயலுக்கும் தைத்துக் கொடுப்பாள்.

"களிசான் நான் தைச்சதில்ல. பிளவுஸ் எண்டாச் சொல்லுங்க, கை வைச்சே தைச்சித் தாறன்" என்றாள்.

"நான் தைக்கிறன்."

"ஊசியில நூல் கோக்கச் சொன்னா என்னக் கூப்பிடுற ஆள். களிசான் தைக்கப் போறாராம்."

போனில் பார்த்துப் பார்த்துப் படித்தேன். கடையில் விற்கிற அளவு ஒன்றும் என் வயிற்றுக்குச் சரிவராது என்பதால், நானே என்னை அளந்து, நானே கடதாசியில் கீற வேண்டியிருந்தது. பழைய கலண்டர் தாள்களை ஒட்டிப் பெரிய தாளாக்கினேன். பின்பக்கம் வெள்ளை. முன் துண்டு, பின் துண்டு. கவட்டு வளைவு முன்னுக்கு ஒரு மாதிரி, பின்னுக்கு இன்னொரு மாதிரி, பின்னது ஆழம். மனிதன் பின்னால் இவ்வளவு பெரியவன் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. ஒரு கோட்டைக் கீறுவேன், எழும்பி நடப்பேன், வந்து அழிப்பேன். கவிதை எழுதும்போதும் இப்படித்தான். ஆனால் பிழையான கவிதை ஒருவரையும் நனைக்காது.

முதலில் பழைய பெட்சீற் ஒன்றில் தைத்துப் பார்த்தேன். மஞ்சள் பூப் போட்டது. வெட்டி, கோணல்மாணலாக மூட்டிப் போட்டுக்கொண்டு அறைக்கு வெளியே வந்தேன். மனைவி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இதோட பஸ்ஸில ஏறினா ரெண்டு சீற் தருவானுகள், கிட்ட இரிக்கப் பயத்தில."

நின்றபோது நன்றாகத்தான் இருந்தது. கதிரையில் இருந்தேன். பின்பக்கம் சரசரவென்று இறங்கியது. முன்பக்கப் பட்டி நேரே பையைக் கவ்விப் பிடித்தது. பழைய களிசான் எந்த இடத்தில் கடித்ததோ அதே இடத்தில். நாலு நாள் வேலை. கையில் இருந்தது இன்னும் ஐந்து நாள்.

என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"எங்க அளந்தீங்க?"

"இடுப்பில. வேறெங்க?"

"எங்க எண்டு காட்டுங்க."

காட்டினேன்.

"அது இடுப்பில்ல. அது நீங்க சாரம் உடுத்துற இடம்."

அவள் உள்ளே போய்த் தன் உள்பாவாடையிலிருந்து நாடாவை உருவிக்கொண்டு வந்தாள்.

"ஒழும்புங்க. இதக் கட்டுங்க. இறுக்காதீங்க. இப்ப அந்தப் பக்கம் சரிங்க. இந்தப் பக்கம். இரிங்க. ஒழும்புங்க."

கோயிலில் தோப்புக்கரணம் போடுகிறவனைப் போலச் செய்தேன். மஞ்சள் பூக்களுக்கு மேலே நாடா தானாக நகர்ந்தது. ஒவ்வொரு சரிவுக்கும் கொஞ்சம் ஏறி, கடைசியில் விலாவுக்குக் கீழே ஓர் இடத்தில் போய் நின்றது. அதற்குப் பிறகு நான் எப்படி வளைந்தாலும் அது அசையவில்லை. பை, நாடாவுக்கு மூன்று விரல் கீழே, ஒருவரும் தொடாமல் இருந்தது.

"நாங்க சின்னனில இரிந்து நாடா கட்டுறம். எங்க கட்டினாலும் அது போய் நிக்கிற இடம் ஒண்டு இரிக்கி. அதுதான் இடுப்பு. ஆம்புளயளுக்கு அது தெரியா. தொந்திக்குக் கீழ ஒரு சொருகு, அதோட முடிஞ்சிது."

இத்தனை வருடம் வகுப்பில் சொற்களுக்குப் பொருள் சொன்னவன் நான். ஒரே சொல்லை நானும் அவளும் ஒரே வீட்டுக்குள் இரண்டு இடத்துக்கு வைத்திருந்திருக்கிறோம். சாரம் உடுத்தி வளர்ந்த எவனைக் கேட்டாலும் நான் காட்டிய இடத்தைத்தான் காட்டுவான். சாரத்துக்கு அது போதும், அவிழ்ந்தால் திரும்பச் சொருகலாம். களிசானுக்குப் போதாது. அது உடம்பு மடிகிற இடத்தைத் தெரிந்துதான் நிற்கும்.

கடதாசியில் மேற்பக்கம் நாலு விரல் கூட்டினேன். ஆவணித் தாளின் தலையில் மாசித் தாளைக் கிழித்து ஒட்டினேன். பின் துண்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன், இருக்கும்போது இறங்காதபடி. மிச்சப் பெட்சீற்றில் திரும்பவும் தைத்தேன். கதிரையில் இருந்தேன். ஒரு மணித்தியாலம் இருந்தேன். ஓர் இடத்தில் இருக்க முடியாதவன், எழும்ப மனமில்லாமல் இருந்தேன்.

சாம்பல் நிறத் துணி வாங்கக் காத்தான்குடிக்குப் போனோம். கடைக்காரர் துணியை உதறி விரித்துக்கொண்டே கேட்டார்.

"ஆர் சேர் தைக்கிற?"

"வீட்டில."

அவர் என் மனைவியைப் பார்த்தார். "களிசானும் தைப்பீங்களா? மாஷா அல்லாஹ்."

நான் காசை எண்ணிக் கொடுத்தேன். வெளியே வந்ததும் அவள் சொன்னாள், "பேர் எனக்கு, வேல உங்களுக்கு. நல்ல ஒழுங்குதான்."

நல்ல துணியில் கத்தரிக்கோலை வைக்குமுன் மூன்று தரம் அளந்தேன். முன்பக்கச் சிப்பை, பெண்களின் உடுப்புக்கு வைக்கிற பக்கம் மூடும்படி தைத்துவிட்டேன், போனோடு அவளையும் பார்த்துக் கற்றதில் வந்த வினை. பிரித்தேன். தைத்தேன். இரண்டாவது முறையும் அதே பக்கம். திரும்பவும் பிரிக்க நேரமில்லை. "ஆரு வந்து பாக்கப் போறா" என்றாள். உள்ளே இடப்பக்கம், பை உரசுகிற இடத்தில், தோய்த்துத் தோய்த்து மெத்தென்று போன பழைய சாரத்தில் ஒரு துண்டை வெட்டி வைத்து மூட்டினேன். அது வெளியே தெரியாது. சாரத்தை முழுக்கவும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை காலை கல்முனை பஸ்ஸில் ஏறினேன். இருக்க இடம் கிடைத்தது, இருந்தேன். பாலத்தில் பஸ் குலுங்கியபோது கை தானாக வயிற்றுக்குப் போனது. காய்ந்து இருந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் தகதகவென்று கிடந்தது. அதை முழுதாகப் பார்த்தேன்.

இரண்டாம் பாடத்தில் சோக் கட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. ஐந்து மாதமாக நான் பயந்த குனிதல் அது. முன் வாங்கில் ஒரு பிள்ளை எடுக்க எழும்பினாள். "இரி" என்றேன். குனிந்தேன். எடுத்தேன். நிமிர்ந்தேன். கரும்பலகையில் விட்ட இடத்திலிருந்து எழுதினேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக விழுந்தது.

இடைவேளையில் ஆசிரியர் அறையில், விளையாட்டு படிப்பிக்கிற ஆசிரியர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்ன சேர், களிசான நெஞ்சு மட்டுக்கும் ஏத்திட்டீங்க. அந்தக் காலத்து அதிபர்மார் மாதிரி."

"பெல்ட் கட்டப் பஞ்சி" என்றேன், சோம்பேறியைப் போல.

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினார். பேச்சு நேர அட்டவணைக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். நோயாளி என்று பார்க்கப்படுவேன் என்று பயந்து போனவன், பழைய காலத்து ஆள் என்று பார்க்கப்பட்டேன். அந்தத் தேத்தண்ணியை மிடறு மிடறாகக் குடித்தேன். சீனி கூடிப்போயிருந்தது. அதுவும் நல்லாயிருந்தது.

பின்னேரம் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இரிந்தீங்களா?"

"இரிந்தன். குனிஞ்சன். பஸ்ஸிலயும் இரிந்தன்."

"பை?"

"ஒண்டுமில்ல."

அவள் நெடுமூச்சு விட்டதை, அது முடியும்போதுதான் கண்டேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததைப் போல.

"அந்தக் காலத்து அதிபராம் நான்" என்றேன்.

"அது எனக்கு எப்பயோ தெரியும். கழட்டிப் போட்டு வாங்க. ஒரு களிசானோட கிழம முழுக்கப் போக ஏலாது. மிச்சத் துணி கிடக்கு. சிப்ப இந்தத் தரம் நான் பாத்துச் சொல்றன், எந்தப் பக்கமெண்டு."

கலண்டர் தாளை மேசையில் விரித்தேன். மாசி ஒட்டிய இடத்தில் பசை விட்டிருந்தது. திரும்பவும் ஒட்டினேன்.