சாமித் தட்டில் இருந்த கருவி

அடுத்தவன்ர புகையை மோந்து பார்த்துச் சம்பளம் வாங்குறதுதான் என்ர தொழில். லண்டனில ஒரு கவுன்சிலில, பேர் வேண்டாம், வேலை போயிடும், சுற்றாடல் பரிசோதகர். காலையில மெயிலைத் திறந்து 'புது நடைமுறை' எண்ட தலைப்பைக் கண்டதும் அதை மூடிப்போட்டுத் தேத்தண்ணி போடப் போற ஆக்கள் ஆரும் இருந்தா, வாங்கோ, இது உங்களுக்குத்தான்.

மூக்குக்கு ஓய்வு

மனோ அக்கா ஹொலண்டில கனகாலம் இருந்திட்டு இங்க வந்தவ. தொய்வுக்காரி, ஆஸ்மா. அவவின்ர பிளாட்டுக்குப் பின்னால கார்க் கதவுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற பட்டறை. ஜன்னலைத் திறந்தா இழுக்கத் தொடங்கிடும் எண்டு எங்கட கவுன்சிலுக்கு முறைப்பாடு போட்டிருந்தா. நானும் போய் நிண்டு பார்த்தன், ரெண்டு நிமிசத்தில தொண்டை எரிஞ்சுது.

முந்தியெண்டா நேர போய்ப் பட்டறைக் கதவைத் தட்டியிருப்பன். இப்ப ஐரோப்பா முழுக்கப் புது யோசனையாம்: அதிகாரி அலையத் தேவையில்லை, தொழிற்சாலையே கருவி வாங்கித் தன்னைத்தானே அளந்து அனுப்பும், நாங்கள் கம்ப்யூட்டரில பச்சையோ சிவப்போ எண்டு பார்த்தாக் காணும். பாலுக்குப் பூனையைக் காவல் வச்ச கதை. மேலாளர் டெபியிட்ட மனோ அக்காவின்ர நிலைமையைச் சொன்னன். அவ சிரிச்சுக்கொண்டே சொன்னா: "உங்கள் மூக்கு ஆதாரம் இல்லை. திரையில் சிவப்பு வரட்டும், பார்க்கலாம்."

வெள்ளிக்கிழமைச் சிவப்பு

வந்தது. ஒவ்வொரு வெள்ளியும் காலமை பத்து மணிக்கு மட்டும். மற்ற நேரமெல்லாம் பச்சை. மனோ அக்காவுக்கோ செவ்வாயும் சனியும்தான் இழுப்புக் கூட. பட்டறைக்கு ஒரு கிழமை முன்னறிவித்தல் குடுத்துத்தான் என்னைப் போக விட்டவை.

முதலாளி ரவி அண்ணை பிரான்சில இருந்து வந்தவர். போன உடனே தேத்தண்ணியும் வடையும். கருவி எங்க எண்டு கேட்டன். ஒபிஸ் அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போனார். சாமித் தட்டில, பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில, சந்தனப் பொட்டோட கருவி இருக்குது. வெள்ளி பத்து மணிக்கு அதுக்கு முன்னால சாம்பிராணி. பெயின்ற் அடிக்கிற கூடம் ரெண்டு கதவு தள்ளி. எனக்குத் தலை கொதிச்சுது. ஆனா அந்த மனுசனில கள்ளம் இல்லை. எங்க வைக்கவேணும் எண்டு எங்கட ஆக்கள் அனுப்பின கடிதத்தில ஒரு வரி இல்லை. அவர் சொன்னார்: "விலைகூடின சாமானெல்லோ தம்பி, கூடத்துக்குள்ள வச்சாப் பெயின்ற் பட்டுப் பழுதாப்போகும் எண்டுதான் இங்க வச்சனான்."

மூண்டு வருசப் பச்சை

கருவியைப் பெயின்ற் கூடத்துப் புகைபோக்கிக்கு மாத்தவேணும் எண்டு எழுதிக் குடுத்தன். அதுக்குப் படிவத்தில இடமில்லையாம். கேள்வி ரெண்டே ரெண்டு: சிவப்புக்குக் காரணம் தெரிஞ்சுதோ, திருத்தியாச்சோ? ரவி அண்ணை நான் போன அண்டைக்கே சாம்பிராணியை நிப்பாட்டிப்போட்டார். வெள்ளியும் பச்சை. நல்ல பிள்ளைகளைத் தொந்தரவு செய்யக்கூடாது எண்டது புது முறையின்ர இன்னொரு புதுமை. ஆகவே பட்டறைக்கு ஒரு சான்றிதழ், மூண்டு வருசத்துக்குப் பரிசோதனை இல்லை.

கூட்டத்தில மேசையில அடிச்சன். அந்தக் கருவி அளந்தது சாமிக்குப் போட்ட புகையை, அங்க ஒரு மனுசி மூச்செடுக்க ஏலாமல் கிடக்குது எண்டு கத்தினன். எல்லாரும் தங்கட லப்டொப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தினம். டெபி மட்டும் பொறுமையாச் சொன்னா: "இந்தப் புது முறை வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது."

ஜன்னல்

கடிதம் போடாமல் நானே போய் மனோ அக்காவுக்குச் சொன்னன். ஜன்னல் விளிம்பு முழுக்க டேப் ஒட்டி வச்சிருந்தா. நல்ல கோடை காலம், வீட்டுக்குள்ள அவியுது. முழுக்கக் கேட்டா. இன்ஹேலர் பம்பை வாயில வச்சு ரெண்டு தரம் அடிச்சா. என்னைத் திட்டியிருந்தாப் பரவாயில்லை, திட்டேல்லை. மெல்லமாக் கேட்டா: "அப்ப மூண்டு வருசத்துக்கு நான் மூச்சு விடாமல் இருக்கட்டே, தம்பி?"

ஐரோப்பாவே மெச்சுற இந்தப் புது முறையால என்ர கண்ணுக்கு முன்னால நிண்டுபோன ஒரேயொரு புகை, பிள்ளையாருக்குப் போட்ட சாம்பிராணிப் புகைதான்.