செம்பரம்பாக்கத்தில் குளித்து நின்ற தக்காளிச் செடிகள்

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை அம்பத்தூரிலிருந்து செம்பரம்பாக்கம் போய்வந்தேன். காரணம், ஆரோக்கியதாஸ் அண்ணனின் அரை ஏக்கர் தக்காளி. எங்கள் மாதா கோயில் வாசலில் ஞாயிறுதோறும் காய்கறி விற்பவர் அவர். போன போகம் முழுவதும் இலைக்கருகல் நோயில் போயிற்று. இந்த முறையும் போனால் நிலத்தைக் கிடங்கு கட்டக் கேட்டு வந்தவருக்கே விட்டுவிடுவதென்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் மாடியில் குடியிருக்கும் தேனிப் பெண் கவிதாவுக்கு, நோயைக் கண்ணுக்குத் தெரியும் முன்பே காட்டக்கூடிய ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கேமராவில் வேலை. கேட்டதும் வருகிறேன் என்றாள்.

பூந்தமல்லி வரை நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, தலைக்கு முப்பது ரூபாய். கவிதா மடியிலிருந்த பெட்டியைப் பார்த்து ஓட்டுநர், "இன்னாம்மா, கல்யாண வீடியோவா?" என்றார்.

"தக்காளிக்கு ஸ்கேன்ண்ணே."

"எனுக்கே இன்னும் எடுக்கல."

வயலில் செடிகள் சொட்டச் சொட்ட நின்றன. கேமரா வருகிறதென்று அண்ணன் விடிந்ததும் குழாயைப் பிடித்து அத்தனையையும் குளிப்பாட்டியிருந்தார்.

"போட்டோ புடிக்க வர்றீங்கோ, தூசியோட நிக்க வுடலாமா டீச்சர்?" என்றார் என்னிடம்.

"ஈர இலை வெளிச்சத்த வேற மாதிரி திருப்பிவிடும்ண்ணே. காயட்டும்," என்றாள் கவிதா.

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. அவர் மனைவி ஸ்டெல்லா, "எனுக்கு ஒரு நாளு இப்டி தண்ணி ஊத்திகீறியா நீ?" என்றதும் அவரே சிரித்துவிட்டார். இலை காயும் வரை டீயும் மசால்வடையும் வந்தன.

பிறகு கவிதா ஒரு வெள்ளைப் பலகையைப் படமெடுத்து வெயிலின் அளவைச் சரிபார்த்துக்கொண்டு, வரிசை வரிசையாக எடுத்தாள். என் பள்ளியில் வகுப்பே சேர்ந்து பாடும்போது மற்றவர்களுக்குப் பாட்டு மட்டும் கேட்கும். ஒரு குழந்தையின் தொண்டை கட்டியிருப்பது பழகிய காதுக்குத்தான் கேட்கும். அந்தக் காதைப் போலத்தான், நம் கண்ணுக்கு ஒரே பச்சையாகத் தெரியும் வெளிச்சத்தை இந்தக் கேமரா நூற்றுக்கணக்கான மெல்லிய கீற்றுகளாகப் பிரித்துப் பார்க்கிறது. வாய்க்கால் ஓரத்தில் நான்கு செடிகள் மட்டும் திரையில் சிவப்பாகத் தெரிந்தன.

"பச்சையாத்தானே கீது?" என்றார் அண்ணன்.

"எங்க பாக்கணும்னுதான் இது சொல்லும். என்ன நோயின்னு இலைய சோதிச்சாத்தான் தெரியும்ண்ணே."

இலைகளைப் பயிர் மருத்துவரிடம் கொடுத்தோம். கருகல்தான், ஆரம்பம்தான் என்றார். அந்த நான்கைப் பிடுங்கிவிட்டு, அவர் சொன்னபடி சுற்றிலும் மட்டும் மருந்தடித்தார் அண்ணன். மற்றவை பிழைத்தன. ஒரு விடுமுறை நாளை எங்களுக்காகக் கொடுத்த கவிதாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

இதுபோலப் போக நினைப்பவர்களுக்கு: மேகமில்லாத நாளாகப் பாருங்கள், பனி காய்ந்தபின் கிளம்புங்கள், தொப்பி வேண்டும். செடியைக் கழுவ வேண்டாமென்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஈர இலையில் கருகல் சீக்கிரம் பரவும் என்பதால், எந்த நாளிலும் வேரில் தண்ணீர் விடுவதே நல்லது.

போன ஞாயிறு கோயில் வாசலில் இரண்டு கூடை நிறையத் தக்காளி. கிடங்குக்காரர் மறுபடி வந்தாராமே என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"வந்தாரு டீச்சர். ரெண்டு கிலோ வாங்கிகினு போனாரு."