குடலை வழித்த கை

மலைப்பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஆபரேசன் அறையைக் கழுவித் துடைப்பது அப்போது என் வேலை. டாக்டர்மார் வெட்டும்போது வாளி பிடித்து நிற்பேன். படிப்பு கிடையாது, பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

ஒரு மழை நாளில் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து என் அக்காள் புருசனைக் கொழுந்து லொறியில் கொண்டுவந்தார்கள். அந்த லொறிக்கு ஒரு பக்கக் கதவே கிடையாது, கயிற்றால் கட்டியிருக்கும். அது கிடக்கட்டும். மச்சானின் வயிறு தவில் மாதிரி உப்பியிருந்தது. வாந்தி நிற்கவில்லை. கூட வந்த அக்காளிடம் கேட்டேன்.

"என்னக்கா குடுத்தீங்க?"

"வெளக்கெண்ணதான்டா. வயிறு கட்டிக்கிட்டா லயத்து வீட்டுல வேற என்னத்தக் குடுப்பாங்க? போகலன்னு மறுபடியும் குடுத்தோம்."

அடைத்த குழாய்க்குள் இன்னும் தள்ளியிருக்கிறார்கள்! அவளைத் திட்டி என்ன செய்ய? நானும் விளக்கெண்ணெயில் வளர்ந்தவன்தான்.

வயிற்றைத் திறந்தால், பழைய ஆபரேசன் வடு நாராக வளர்ந்து சிறுகுடலை இறுக்கியிருந்தது. டாக்டர் நாரை அறுத்துவிட்டார். ஆனால் உப்பின குடலை உள்ளே வைத்து மூட முடியவில்லை. அதிலுள்ள நீரையும் காற்றையும் எடுத்தாக வேண்டும்.

முன்பிருந்த பெரிய டாக்டர் என்றால் குடலில் சின்ன ஓட்டை போட்டு, குழாய் விட்டு உறிஞ்சி, சுருக்குப்பை மாதிரி இழுத்துத் தைத்துவிடுவார். கெட்டிக்காரர், சட்டென்று முடியும். ஆனால் ஒரு சொட்டு உள்ளே சிந்தினாலும் சீழ் பிடிக்கலாம். அதுதான் எனக்குப் பயம்.

இவர் சின்ன வயசுச் சிங்கள டாக்டர், தமிழ் நன்றாகப் பேசுவார். "ஓட்ட போடாமப் பாப்போம்" என்றார். குடலை விரல்களுக்கு நடுவே பிடித்து, கீழிருந்து இரைப்பைப் பக்கமாக மெல்ல மெல்ல வழித்துக்கொண்டே போனார். கன்று போட்ட பசுவின் மடியைத் தொடுகிற பதம். மூக்கு வழியாக விட்டிருந்த குழாயில் பச்சையாக இறங்கி என் வாளியில் கொட்டியது. குடல் தளர்ந்து, சொன்னபடி கேட்டு உள்ளே போனது. அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை.

டாக்டர் கை கழுவும்போது கேட்டேன். "ஓட்ட நல்லதா, கை நல்லதாங்க ஐயா?"

"கொடல் கெட்டுப் போயிருந்தா வழிக்கப் போனாக் கிழிஞ்சிரும். அப்ப ஓட்டதான். பெரிய டாக்டர் செஞ்சது பிழையில்ல. ஒங்க மச்சானுக்குக் கொடல் நல்லாயிருந்திச்சு. ஆனா காத்துப் பிரியணும், அதுவரைக்கும் தண்ணி குடுக்காதீங்க."

அக்காள் சாப்பிடாமல் கட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு காலையில் வராந்தாவுக்கு ஓடிவந்து கத்தினாள்.

"தம்பி! விட்டுட்டாருடா! நல்லா சத்தமா!"

வார்டே சிரித்தது. மச்சான் வெட்கத்தில் கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். டாக்டர் வந்து அதை மெல்ல விலக்கி, "இப்ப தண்ணி குடிக்கலாம்" என்றார்.